டைனமோ ஏன் போகிறது? கார் ஆல்டர்னேட்டர் பற்றி ரங்கூனில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரங்கூனில் வண்டிகளுக்கு எலக்ட்ரிக் வேலை பார்க்கும் சின்னக் கடை என்னுடையது. வருகிறவர்களில் பாதிப் பேர் நம் ஆட்கள், மீதி பர்மியர்கள். நம்மவர் "அண்ணே, டைனமோ போச்சு" என்பார். பர்மியர் "ஸயா, டைனமோ" என்று கையை விரிப்பார். இன்ஜின் ஓடும்போது கரண்ட் உண்டாக்கி பேட்டரியைச் சார்ஜ் செய்வதுதான் இந்த டைனமோ. இருவருக்கும் நான் முதலில் சொல்வது ஒன்றுதான்: டைனமோ தானாகச் சாவது குறைவு, பெரும்பாலும் வேறு ஏதோ ஒன்று அதைக் கொன்றிருக்கும். கொன்றது எது என்று தேடாமல் புதுசை மாட்டினால், சில மாதத்தில் அதே பேச்சோடு திரும்பி வருவீர்கள். கடையில் வாயால் சொல்லிச் சொல்லி அலுத்ததால் இங்கே எழுதி வைக்கிறேன்.

டைனமோ, ஆல்டர்னேட்டர் இரண்டும் ஒன்றா?

பேச்சில் ஒன்று, உள்ளே வேறு. இரண்டாம் உலகப் போர்க்காலத்து ராணுவ லாரிகள் பஸ்ஸாக மாறி இந்த ஊரில் பல பத்தாண்டுகள் ஓடின. அவற்றில் இருந்தது நிஜ டைனமோ. அது நேராக டிசி கரண்ட் (ஒரே திசையில் ஓடுவது) கொடுக்கும், பேட்டரிக் கரண்ட் திரும்பி டைனமோவுக்குள் ஓடாமல் தடுக்க பக்கத்தில் ஒரு கட்டவுட் பெட்டி இருக்கும், இன்ஜின் மெதுவாக ஓடினால் சார்ஜே வராது. 1960இல் அமெரிக்காவின் கிரைஸ்லர் கம்பெனி வேலியன்ட் காரில் ஆல்டர்னேட்டரைக் கொண்டுவந்தது. பின்னால் எல்லாக் கம்பெனிகளும் அதற்கு மாறின. பொருள் மாறியும் பெயர் மாறவில்லை. நானும் இங்கே டைனமோ என்றே எழுதுகிறேன்.

அதற்குள் என்னதான் இருக்கிறது?

பெல்ட் சுற்றுகிறது, நடுவில் ரோட்டர் சுற்றுகிறது. இரண்டு கார்பன் துண்டுகள் ரோட்டரின் செம்பு வளையங்களை உரசியபடி அதற்குக் கொஞ்சம் கரண்ட் கொடுத்துக் காந்தமாக்குகின்றன. சுற்றியுள்ள ஸ்டேட்டர் காயிலில் மூன்று ஃபேஸில் ஏசி கரண்ட் (திசை மாறி மாறி ஓடுவது) உண்டாகிறது. குறைந்தது ஆறு டயோட் சேர்ந்து அதை டிசியாக்குகின்றன. எவ்வளவு காந்தம் வேண்டும் என்று தீர்மானிப்பது ஐசி என்று நாம் சொல்லும் ரெகுலேட்டர். முன்னும் பின்னும் ஒவ்வொரு பேரிங். அவ்வளவுதான். கெட்டுப்போவதும் இவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும்.

டேஷ்போர்டில் பேட்டரி விளக்கு எரிகிறது. டைனமோ போய்விட்டதா?

சார்ஜ் சரியாக இல்லை என்று மட்டும்தான் அந்த விளக்குக்குத் தெரியும். பெல்ட் அறுந்திருக்கலாம், பின்னால் சொருகும் கப்ளர் கழன்றிருக்கலாம், மெயின் ஃபியூஸ் போயிருக்கலாம். முதலில் பானட்டைத் திறந்து பெல்ட் இருக்கிறதா என்று பாருங்கள். பெல்ட்டே இல்லாமல், டைனமோவுக்கு விலை கேட்டு வந்தவர்கள் உண்டு. பல வண்டிகளில் அதே பெல்ட்தான் தண்ணீர்ப் பம்பையும் சுற்றுகிறது. அப்படியென்றால் உடனே இன்ஜினை நிறுத்துங்கள். சார்ஜ் போனால் பேட்டரியோடு முடியும், ஹீட் ஏறினால் இன்ஜின் ஹெட்டே போய்விடும்.

இன்னொன்று: விளக்கு முழுசாக எரியாமல் மங்கலாக, பேய் மாதிரி மினுக்கினால் டயோட் மேல் சந்தேகப்படுங்கள். சாவியைத் திருப்பி, இன்ஜினை ஸ்டார்ட் செய்யும் முன் விளக்கு எரியவே இல்லை என்றால் அதையும் விடாதீர்கள். சில பழைய வண்டிகளில் அந்த பல்பு வழியாகத்தான் டைனமோவுக்கு முதல் கரண்ட் போகிறது.

மீட்டர் வைத்து நானே பார்க்க முடியுமா?

முடியும். விலை குறைந்த மீட்டரே போதும்.

இரவு முழுக்க நின்ற வண்டியில், ஸ்டார்ட் செய்யும் முன் பேட்டரியில் வையுங்கள். 12.6 வோல்ட் இருந்தால் நிறைந்த பேட்டரி. 12.2 என்றால் பாதி. 12க்குக் கீழே என்றால் அது பசியில் கிடக்கிறது. இப்போது ஸ்டார்ட் செய்து, ஹெட்லைட்டும் ஏர்கண்டிஷனும் போட்டு, ஆக்சிலேட்டரைச் சற்று மிதித்துப் பாருங்கள். 13.8 முதல் 14.5க்குள் நின்றால் டைனமோ தன் வேலையைச் செய்கிறது. 13ஐ எட்டவே இல்லை என்றால் சார்ஜ் குறைவு. 15ஐத் தாண்டினால் ஐசி கட்டுப்பாட்டை இழந்துவிட்டது, பேட்டரித் தண்ணீர் கொதித்து வற்றும். 'டிஸ்டில்ட் வாட்டர் அடிக்கடி ஊத்த வேண்டியிருக்கு' என்று யாராவது சொன்னால் நான் உடனே மீட்டரைத்தான் எடுப்பேன்.

அப்புறம் மீட்டரை ஏசி வோல்ட்டுக்கு மாற்றி அதே பேட்டரியில் வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் ஏதோ ஒரு டயோட் போயிருக்கிறது.

ஹோண்டா ஃபிட் வைத்திருப்பவர்கள் மட்டும் ஒரு நிமிஷம் பொறுங்கள். ஹெட்லைட் மாதிரி கரண்ட் இழுக்கும் லோடு இல்லாதபோது ஹோண்டா வேண்டுமென்றே சார்ஜைக் குறைத்துக்கொள்ளும். மீட்டரில் 12.5, 12.6 என்று காட்டும். ஹெட்லைட்டைப் போட்டதும் 14க்கு மேல் தாவும். இது தெரியாமல், நல்ல டைனமோவைக் கழற்றித் தூக்கிக்கொண்டு வந்த ஒருவரிடம் அதையே திருப்பி மாட்டச் சொல்லி அனுப்பினேன்.

வண்டி ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றிப் பார்ப்பார்களே, அது சரியா?

தப்பு. பழைய டைனமோ காலத்துப் பழக்கம் அது, 'கழட்டியும் ஓடுதுன்னா டைனமோ நல்லாருக்கு' என்பார்கள். பேட்டரி என்பது ஒரு மெத்தை மாதிரி, டைனமோவிலிருந்து வரும் ஏற்ற இறக்கத்தை உள்வாங்கிக்கொள்ளும். ஓடும்போது அதை உருவினால் வோல்டேஜ் ஒரே கணத்தில் பல மடங்கு எகிறும். டயோட், ஐசி, சில சமயம் இன்ஜின் கம்ப்யூட்டர் வரை போகும். சோதனை செய்கிறேன் என்று நல்ல டைனமோவைக் கொல்லும் வழி இது. உங்கள் மெக்கானிக் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் இதற்கு மட்டும் கையைப் பிடித்துத் தடுங்கள்.

வயதாகிப் போவது எப்படித் தெரியும்?

2011க்குப் பிறகு இறக்குமதி தளர்ந்தபோது ஜப்பான் பழைய கார்கள் இங்கே குவிந்தன. அவற்றில் பல அங்கே ஒரு ஆயுள் ஓடிவிட்டு வந்தவை. ஆகவே கார்பன் தேய்ந்துபோவது இயல்புதான். புதிதில் சுமார் 10 மில்லிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கார்பன், தேய்ந்து தேய்ந்து வளையத்தைத் தொட்டும் தொடாமலும் நிற்கும். அப்போது நோய் விட்டுவிட்டு வரும். பள்ளத்தில் இறங்கினால் விளக்கு எரியும், நல்ல ரோட்டில் அணையும். டைனமோவை ஸ்பேனரால் லேசாகத் தட்டினால் சார்ஜ் வந்துவிட்டதா? கார்பன்தான். ஒழுங்கான சாவு இது. கார்பனை மாற்றினால் எழுந்துவிடும், செலவும் சொற்பம். செம்பு வளையத்தில் பள்ளம் விழுந்திருந்தால் மட்டும் கூடுதல் வேலை.

பேரிங் போனால் காதுக்குத் தெரியும். வேகம் கூடக்கூட ஏறும் கரகர சத்தம். டயோட் போனால் ரேடியோவில் 'ஙொய்' என்று ஒரு இரைச்சல், இன்ஜின் வேகத்தோடு அதுவும் ஏறி இறங்கும். கெட்ட டயோட் இரவில் பேட்டரியையும் உறிஞ்சும். காலையில் பேட்டரி செத்துக் கிடக்கும், பழி பேட்டரி மேல் விழும்.

சரி, வேறொன்று கொல்லும் என்றீர்களே, அது என்ன?

நான் அதிகம் பார்ப்பது ஆயில். வால்வ் கவர் பேக்கிங்கிலிருந்தோ பவர் ஸ்டீயரிங் ஹோஸிலிருந்தோ சொட்டுச் சொட்டாக டைனமோ மேல் இறங்கும். உள்ளே கார்பன் தூளோடு கலந்து கறுப்புக் களிம்பாகி, கார்பன் கூட்டுக்குள் ஒட்டிக்கொண்டு அதை நகரவிடாது. திறந்தவுடன் விரலில் வழவழவென்று ஒட்டினால், டைனமோ வேலையை அங்கேயே நிறுத்திவிட்டு மேலே நிமிர்ந்து பார்ப்பேன். எங்கிருந்து ஒழுகுகிறது? அதை அடைக்காமல் புது டைனமோ போடுவது ஒழுகும் கூரைக்குக் கீழே புதுப்பாய் விரிப்பது.

பழைய டொயோட்டா, இசுசு டீசல் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். ஹைஏஸ், ஹைலக்ஸ் சிலவற்றில் டைனமோவின் முதுகில் ஒரு வேக்குவம் பம்ப் ஒட்டியிருக்கும். பிரேக் மிதியை லேசாக்கும் பூஸ்டருக்கு அதுதான் உயிர். அதற்கு இன்ஜின் ஆயில் போய் வரும். அந்த சீல் போனால் ஆயில் நேராக டைனமோவுக்குள் இறங்கும். பம்ப் வீணானால் பிரேக் மிதி கல்லாகிவிடும். இந்த வண்டிகளில் பெல்ட் அறுந்தாலும் கதை அதே. 'சார்ஜ் இல்லை, மெதுவாக ஓட்டிப் போய்விடலாம்' என்று இறங்காதீர்கள், போகப்போக பிரேக்கும் இருக்காது.

இரண்டாவது, பெல்ட். தளர்ந்தால் காலையில் கீச்சென்று கத்தும், சறுக்கி புல்லியைச் சூடாக்கும், அந்தச் சூடு முன்பேரிங்குக்குப் போகும். கத்துகிறதே என்று அளவுக்கு மேல் இறுக்கினாலும் அதே பேரிங்தான் சாகும். கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, கொஞ்சம் மட்டும் உள்வாங்கினால் சரி. பெல்ட்டில் சோப்பு தேய்க்கும் வைத்தியத்தை விட்டுவிடுங்கள்.

மூன்றாவது, வயரும் எர்த்தும். டெர்மினலில் பச்சையும் வெள்ளையுமாக உப்புப் பூத்திருந்தால், டைனமோ 14.3 கொடுத்தாலும் பேட்டரிக்கு 13.4தான் போய்ச் சேரும். பேட்டரி பசியிலேயே கிடக்கும், டைனமோ ஓயாமல் உழைக்கும். லோடு போட்டு வண்டி ஓடும்போது டைனமோவின் பின்பக்கம் கரண்ட் வெளியே வரும் போல்ட்டுக்கும் பேட்டரி பிளஸ்ஸுக்கும் நடுவே மீட்டர் வையுங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் வயரிலோ முனையிலோ கோளாறு. டைனமோ உடம்புக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவே அதே மாதிரி பாருங்கள், அங்கே 0.2க்கு மேல் போகக்கூடாது. வெந்நீரும் உப்புத்தாளும் போதும் பல வண்டிகளைக் குணமாக்க.

கரண்ட் போனால் காரிலிருந்து இன்வெர்ட்டர் போட்டு வீட்டுக்கு எடுக்கலாமா?

இந்தக் கேள்வியைத்தான் சமீப வருஷங்களில் அதிகம் கேட்கிறார்கள். காரணம் ஊருக்கே தெரியும், அடிக்கடி கரண்ட் போகிறது.

சிரியம் பக்கம் மளிகைக்கடை வைத்திருக்கும் தம்பி ஒருவர் தன் டொயோட்டா ப்ரோபாக்ஸ் காரைக் கொண்டுவந்தார். ஆறு மாதத்தில் மூன்றாவது டைனமோ. பிரித்தவுடன் கருகிய வார்னிஷ் வாடை அடித்தது. ஸ்டேட்டர் காயில் ஒரு பக்கம் மட்டும் கருகியிருந்தால் டயோட் ஷார்ட் என்று நினைத்திருப்பேன். இது சுற்றிலும் ஒரே மாதிரி, வறுத்த காப்பிக்கொட்டை நிறத்தில் இருந்தது. அளவுக்கு மீறி உழைத்துச் செத்திருக்கிறது.

"தம்பி, வீட்டுக்குக் கரண்ட் இதுலேருந்து எடுக்கிறீங்களா?"

"ராத்திரி மட்டும்தான் அண்ணே. ஒரு ஃபேன், ரெண்டு லைட்டு."

"அவ்வளவுதானா?"

கொஞ்சம் யோசித்து, "அரிசிக் குக்கர்" என்றார்.

கணக்கைப் பாருங்கள். 500 வாட் குக்கருக்கு 12 வோல்ட்டில் 42 ஆம்பியர் வேண்டும், இன்வெர்ட்டர் தின்பதையும் சேர்த்தால் 48க்குப் பக்கம். சின்னக் கார் டைனமோவில் 70, 80 ஆம்பியர் என்று எழுதியிருக்கும், ஆனால் அது இன்ஜின் நல்ல வேகத்தில் ஓடும்போது. நின்ற இடத்தில் ஐடிலில் அதில் பாதி கிடைத்தாலே பெரிது. அதைவிட மோசம், டைனமோவைக் குளிரவைக்கும் விசிறியும் அதே தண்டில்தான் இருக்கிறது. மெதுவாகச் சுற்றினால் காற்றும் குறைவு. முழு லோடு, குறைந்த காற்று, வெக்கையான இரவு, மணிக்கணக்கில். சுட்டுப்போகாமல் என்ன செய்யும்?

ஒரு பல்பு, போன் சார்ஜ், சின்ன ஃபேன் என்றால் பரவாயில்லை, இன்ஜின் வேகத்தைச் சற்று ஏற்றி வைத்துக்கொள்ளுங்கள். வண்டி திறந்தவெளியில் நிற்கட்டும், மூடிய கராஜில் புகை ஆளைக் கொல்லும். சூடாக்கும் சாமான் எதுவும் வேண்டாம். வீட்டுக்கென்று தனி பேட்டரி வாங்குவது கடைசியில் மலிவு. கார் பேட்டரியை அடிமட்டம் வரை உறிஞ்சினால் அதுவும் சில தடவைகளில் செத்துவிடும். அது ஸ்டார்ட் செய்வதற்காகச் செய்தது.

செத்த பேட்டரியை ஜம்பர் போட்டு ஸ்டார்ட் செய்து ஓட்டினால் தானாகச் சார்ஜ் ஏறாதா?

ஏறும், டைனமோவின் ஆயுளைக் கொடுத்து. டைனமோ இருப்பது செலவான கொஞ்சத்தை ஈடுகட்ட. காலிப் பேட்டரியை நிரப்பச் சொன்னால் அது முழுமூச்சாக ஓடிச் சூடாகும். முதலில் சார்ஜரில் போட்டு ஏற்றிவிட்டு மாட்டுங்கள். உள்ளே செல் ஷார்ட்டான பேட்டரி என்றால் எவ்வளவு கொடுத்தாலும் நிறையாது. டைனமோ போன வண்டியில் பேட்டரியையும், பேட்டரி போன வண்டியில் டைனமோவையும் நான் சேர்த்தே பார்ப்பது இதனால்தான்.

ஜம்பர் போடும்போது பிளஸ், மைனஸ் மாற்றிக் கொடுத்தால் ஒரு நொடி போதும், டயோட் பிளேட் காலி. மெயின் ஃபியூஸ் முந்திக்கொண்டால் உங்கள் அதிர்ஷ்டம். இருட்டில், மழையில், அவசரத்தில்தான் இது நடக்கும். போன் வெளிச்சத்தில் குறியைப் பார்த்துவிட்டு மாட்டுங்கள்.

திங்யான் தண்ணீர் டைனமோவைக் கெடுக்குமா?

நம் சித்திரைப் புத்தாண்டும் பர்மியரின் தண்ணீர்த் திருவிழாவான திங்யானும் ஒரே வாரத்தில் வருவதால், ஏப்ரல் நடுவில் கோயிலுக்குப் போன வண்டியும் நனைந்துதான் திரும்பும். வெளியிலிருந்து வாளியால் வீசும் தண்ணீர் பானட்டைத் தாண்டி அதிகம் போவதில்லை. பெல்ட் நனைந்து கொஞ்சம் கத்தும், ஓட ஓடக் காய்ந்துவிடும். விழா முடிந்து வண்டியைக் கழுவக் கொடுக்கும்போதுதான் ஆபத்து. பிரஷர் பைப்பை இன்ஜினுக்குள் நீட்டி அடித்தால் தண்ணீர் பேரிங் சீலைத் தாண்டிப் போகும். இரண்டு மாதம் கழித்து கரகர சத்தம் ஆரம்பிக்கும், அப்போது கழுவியது யாருக்கும் நினைவிருக்காது.

மே முதல் அக்டோபர் வரை மழைக்காலம் வேறு மாதிரி. தெருவில் முட்டளவு தேங்கும் சாக்கடைத் தண்ணீரில் மண்ணும் எண்ணெயும் இருக்கும். டைனமோ கீழே பொருத்திய வண்டிகளில் அது முழுகியே போகும். தண்ணீர் காய்ந்தாலும் மண் உள்ளே தங்கி, கார்பனை உப்புத்தாள் மாதிரி அரைக்கும். முழுகிய டைனமோ மறுநாள் நன்றாக ஓடினாலும் ஒரு தடவை கழற்றிப் பிரித்துச் சுத்தம் செய்துவிடுங்கள்.

நெடுஞ்சாலையில் சார்ஜ் நின்றுவிட்டால் எவ்வளவு தூரம் போகலாம்?

மாந்தளை எக்ஸ்பிரஸ் ரோட்டில் 115ஆவது மைல் ஓய்விடத்திலிருந்து எனக்குப் போன் செய்து இதைக் கேட்டிருக்கிறார்கள். பெல்ட் இருக்கிறது, ஹீட் ஏறவில்லை, பிரேக் சரியாக இருக்கிறது என்றால் மட்டும் மேலே படியுங்கள். ஏசி, ரேடியோ, போன் சார்ஜ் எல்லாவற்றையும் அணையுங்கள். கண்ணாடியை இறக்குங்கள். நல்ல பேட்டரி இருந்தால் பகலில் பெட்ரோல் வண்டி ஒரு மணி நேரம் போல ஓடும். இரவில் ஹெட்லைட் எரிந்தால் அதுவும் கிடையாது. வழியில் எங்கும் இன்ஜினை அணைக்காதீர்கள், திரும்ப ஸ்டார்ட் ஆகாது. இருட்டப்போகிறது என்றால் ஓய்விடத்திலேயே தங்கிவிடுங்கள். விளக்கில்லாமல் அந்த ரோட்டில் நிற்பதைவிட ஒரு இரவு போனால் போகட்டும்.

ரிப்பேரா, மாற்றுவதா? புதுசா, ஜப்பான் பழசா?

கார்பன், பேரிங், ஐசி, டயோட் இவற்றில் ஒன்று போயிருந்தால் ரிப்பேர். ஸ்டேட்டர் கருகியிருந்தால் காயில் கட்டலாம்தான், ஆனால் கையால் கட்டியது கம்பெனிக் கட்டு மாதிரி நெருக்கமாக வருவதில்லை. அங்கே நான் மாற்றச் சொல்வேன். என் ஓட்டு ஜப்பான் பழசுக்கு, பளபளக்கும் மலிவுப் புதுசுக்கு இல்லை. அந்த மலிவுப் புதுசு சிலவற்றில் செம்பு மெலிசு, தூக்கிப் பார்த்தாலே எடை காட்டிக்கொடுக்கும். பழசு வாங்கும்போது கையால் சுற்றுங்கள், சொரசொரப்பு இருக்கக்கூடாது. புல்லியை மேலும் கீழும் ஆட்டுங்கள். பின்பக்க ஓட்டை வழியாக மூக்கை வைத்து முகருங்கள். கருகல் வாடை பெயிண்ட் அடித்தாலும் போகாது. ஆம்பியரும் கப்ளரில் இருக்கும் பின்களின் எண்ணிக்கையும் பழையதோடு ஒத்துப்போக வேண்டும். விலையை எழுதவில்லை, நான் எழுதி நீங்கள் படிப்பதற்குள் மாறியிருக்கும்.

பாட்டுக்குப் பெரிய ஆம்ப்ளிஃபயர், கூடுதல் லைட் போட்டிருக்கிறேன். பெரிய டைனமோ போடலாமா?

போடலாம், ஆனால் வயரையும் ஃபியூஸையும் சேர்த்துப் பெரிதாக்க வேண்டும். இல்லையென்றால் வயர் உருகும்.

மாட்டி முடித்த பிறகு கடைக்காரரிடம் என்ன கேட்க வேண்டும்?

பழைய டைனமோவைக் கேளுங்கள். பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். எண்ணெயா, மண்ணா, கருகலா என்று நீங்களே பார்க்கலாம். அப்புறம் லோடு போட்டு மீட்டரில் எத்தனை வருகிறது என்று கேட்டு, அந்த எண்ணையும் தேதியையும் பேட்டரி மேல் மார்க்கரால் எழுதிக்கொள்ளுங்கள். சிரியம் தம்பியின் பேட்டரியில் 14.2 என்று எழுதி அனுப்பினேன். போன வாரம் பெல்ட்டுக்கு வந்தபோது வைத்துப் பார்த்தேன், 14.2. குக்கர் என்னாச்சு என்று கேட்டேன். அடுப்புக்கரி வாங்கிவிட்டாராம்.